கண்ணை மூடிச் சொன்னது

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறைத்துவிட்டேன் என்று யாரும் குறை சொல்லக்கூடாது. திரைச்சீலை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள், என் மனைவியைச் சேர்த்தால் ஒன்பது. அவளைச் சேர்க்காமல் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அது என் கோபத்தைவிட மோசம்.

பட்டறையைத் திறந்த அன்றே அதை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தேன். இது ஒரு விசுவாசியின் தொழில், இங்கே யாரையும் அதட்டக்கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, காலை எட்டரைக்கு ஜெபம் முடிந்துதான் மெஷின் ஓடவேண்டும் என்று தீர்மானம் செய்தேன். யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை. வேறு சாமி கும்பிடுகிறவர்களும் வெட்டு மேசையைச் சுற்றி வந்து நிற்பார்கள். வேலை தொடங்குமுன் ஐந்து நிமிடம் சும்மா நிற்பது யாருக்குக் கசக்கும்?

அதட்டக்கூடாது என்று முடிவெடுத்தேனே தவிர, வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று யோசிக்கவில்லை. அது தானே ஒரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது. "ஆண்டவரே, ஒன்பது மணிக்கு வந்து எட்டரை என்று கையெழுத்துப் போடும் எங்கள் சகோதரிக்கு நல்ல கடிகாரம் ஒன்றைத் தந்தருளும்" என்று ஒருநாள் ஜெபித்தேன். மறுநாள் அந்த அம்மா எட்டேகாலுக்கே வந்து உட்கார்ந்திருந்தார். கேட்டவுடன் பலன் கிடைத்தால் மனிதன் விடுவானா? தரையில் நூல் துண்டு போடுகிறவர், இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் டீ குடிக்கப் போகிறவர் என்று ஒவ்வொருவரையாகக் கொண்டுபோய்த் தேவ சமூகத்தில் நிறுத்தினேன்.

அவர்கள் மட்டும் சளைத்தவர்களா? மூன்றாவது மெஷினில் தைக்கும் அக்கா ஒருநாள் தானாக முன்வந்து ஜெபித்தார். "ஆண்டவரே, வியாழக்கிழமை என் தங்கச்சி பிரசவத்துக்கு நான் கூட இருக்கணும்னு உமக்குச் சித்தமானால், முதலாளி மனசுல பேசும்." ஆண்டவர் பேசினாரோ இல்லையோ, எட்டுப் பேர் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். விடுப்புக் கொடுத்தேன். அடுத்த வாரம் இஸ்திரிக்காரர் மின்விசிறிக்காக ஜெபித்தார். அதையும் வாங்கி மாட்டினேன். இப்படியே போய், பட்டறையில் ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் பேசுவதே குறைந்துபோனது.

"இதுல ஆண்டவருக்குன்னு ஏதாவது இருக்கா, இல்ல அவர் நடுவுல நின்னு கடுதாசி குடுத்துட்டு இருக்காரா?" என்று என் மனைவி கேட்டாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அந்த முதியோர் இல்லத்து வேலை வந்தது. முப்பத்திரண்டு ஜன்னல்கள், எல்லாம் தரைவரை இறங்கும் உயர ஜன்னல்கள். நானே போய் அளவெடுத்தேன். மாஸ்டர் வெட்டினார். மாஸ்டர் என்றால் எங்கள் கட்டிங் மாஸ்டர், பதினோரு வருடமாக என்னோடு இருப்பவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவார், அதில் எட்டு அளவு எண்ணாக இருக்கும். அவர் இல்லாமல் இந்தப் பட்டறை ஒரு வாரம் தாங்காது. அது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

தைத்து முடித்துக் கொண்டுபோய் மாட்டினோம். முப்பத்திரண்டும் தரைக்கு ஒரு அடி மேலேயே நின்றன. வளர்ந்த பிள்ளைக்குப் போன வருடத்துக் கால்சட்டையைப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

"ஏன் சார், வெள்ளம் வந்தா நனையக்கூடாதுன்னு தூக்கிக் கட்டிட்டீங்களா?" என்று இல்லத்து நிர்வாகி அம்மா கேட்டார்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஆனால் அதட்டக்கூடாதே! பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாள் எட்டரை மணிவரை காத்திருந்தேன்.

"கர்த்தாவே," என்று தொடங்கினேன், "பதினோரு வருட அனுபவம் இருந்தும், எழுதிக் கொடுத்த அளவைக் கண்ணால் பார்க்காமல் வெறும் கையால் வெட்டுகிற உம்முடைய பிள்ளையின் கண்களைத் திறந்தருளும். அவனுடைய அலட்சியத்தை மன்னியும். அவனால் இந்தப் பட்டறைக்கு வந்த அவமானத்தை நீக்கிப்போடும்."

ஆமென் என்று யாருமே சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு மாஸ்டர் என் அறைக்கு வந்தார்.

"இந்த வாரத்தோட நின்னுக்கறேன் முதலாளி. சனிக்கிழமை கடைசி."

"என்ன மாஸ்டர், திடீர்னு இப்படிச் சொல்றீங்க?"

"நீங்க என்னை நேரா திட்டியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். சாயங்காலம் ஒண்ணா டீ குடிச்சிருப்போம். நீங்க உங்க சாமிகிட்ட போய் என்னைப் பத்திக் கோள் சொல்லிட்டீங்க. நான் எங்க போய் பதில் சொல்றது? எனக்கு அவரோட பழக்கமே கிடையாது."

"அது கோள் இல்ல மாஸ்டர். உங்களுக்காகத்தான் ஜெபிச்சேன்."

"எனக்காகவா? எட்டுப் பேர் முன்னாடியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

"போகட்டும்! தப்பும் பண்ணிட்டு ரோஷம் வேறயா?" என்று நான் குதித்தேன். என் மனைவி அளவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். திரையின் மேல்மடிப்புக்கும் கீழ்மடிப்புக்கும் சேர்த்து ஒரு அடி துணி அதிகம் வேண்டும். அந்த ஒரு அடியைக் கூட்டி நான் எழுதியிருந்தால் எண்ணைச் சுற்றி வட்டம் போடுவேன். வட்டம் இருந்தால் மாஸ்டர் அப்படியே வெட்டுவார். வட்டம் இல்லாவிட்டால் அவரே ஒரு அடி கூட்டிக்கொள்வார். பதினோரு வருடமாக இதுதான் எங்களுக்குள் சட்டம்.

அந்தப் பக்கத்தில் இருந்தது ஜன்னலின் வெறும் உயரம். ஒரு அங்குலம்கூடக் கூட்டவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் வட்டம் இருந்தது. நல்ல அழகான வட்டங்கள்.

"யார் போட்டது இது?" என்றாள்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அளவெடுத்து முடித்த நேரத்தில் எங்கள் சபைப் போதகர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் 'தொழிலில் உண்மை' என்று நான் பத்து நிமிடம் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் அவருடைய கிருபை பாஸ்டர்" என்று போனில் சொல்லிக்கொண்டே, கை சும்மா இருக்கமாட்டாமல் வட்டம் வட்டமாகப் போட்டுத் தள்ளியிருக்கிறேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மனிதர் வட்டத்தை நம்பி, அதாவது என்னை நம்பி வெட்டினார். நான் அவரைக் கண் தெரியாதவர் ஆக்கிவிட்டேன்.

"மாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"சொல்றேன். முதல்ல ஆண்டவர்கிட்ட பாவ அறிக்கை பண்ணிக்கறேன்."

"அவருக்கு அன்னைக்கே தெரியும். நீங்க வட்டம் போடறதைப் பார்த்துட்டுத்தான இருந்தாரு? மாஸ்டருக்கும் தெரியும். மத்த ஏழு பேருக்குத்தான் தெரியாது."

இருந்தாலும் துணி அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, முழங்காலில் நின்றேன். ஆண்டவர் மன்னித்திருப்பார், அவர் குணம் அப்படி. ஆனால் எழுந்து வெளியே வந்ததும் எதிரே மாஸ்டர் நின்றார். "சட்டை நல்லா இருக்கு மாஸ்டர்" என்றேன்.

"பழசு" என்றார்.

மறுநாள் நானே டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போதுதான் குடித்ததாகச் சொன்னார். அவர் மேசைக்கு மேலே புது விளக்கு மாட்டினேன். அவர் அதைப் போடவே இல்லை. இதற்கிடையில், போகிற மனிதர், தன்மேல் இல்லாத தப்புக்கு, அடர்நீலத் துணியில் ஒரு அடிப் பட்டை முப்பத்திரண்டு திரைக்கும் வெட்டிக் கொடுத்தார். கீழே வைத்துத் தைத்து மாட்டினோம். இப்போதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது என்றார் நிர்வாகி அம்மா. அந்தப் பாராட்டைக் கேட்டபோது எனக்கு ஓவென்று அழவேண்டும்போல் இருந்தது.

சனிக்கிழமை வந்தது. எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றார்கள், மாஸ்டரும் நின்றார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"பரலோகப் பிதாவே, இந்தப் பட்டறையில் சில வேளைகளில், சில அளவுகள், சிலரால் சற்றே தவறாகக் குறிக்கப்பட்டு..."

விலாவில் முழங்கை இறங்கியது.

"கண்ணைத் திறங்க" என்றாள் என் மனைவி, எல்லார் காதிலும் விழும்படி. "அது என்ன சில, சிலரால்? ஜன்னல் முப்பத்திரண்டு, ஆள் ஒண்ணு."

கண்ணைத் திறந்தேன். எதிரே மாஸ்டர். கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவோ பேசியிருக்கிறேன், திறந்துகொண்டு பேச நாக்கு ஒட்டிக்கொண்டது.

"மாஸ்டர், அந்த வட்டமெல்லாம் நான் போட்டது. ஒரு அடி கூட்டாமலே போட்டுட்டேன். நீங்க சரியாத்தான் வெட்டினீங்க. பார்க்காம கொள்ளாம உங்களை எல்லார் முன்னாடியும் அலட்சியக்காரர்னு சொன்னேன். தப்பு முழுக்க என்னுது. மன்னிச்சிருங்க. போயிடாதீங்க மாஸ்டர், நீங்க இல்லாம என்னால முடியாது."

இஸ்திரிக்காரர் மூக்கை உறிஞ்சினார். மாஸ்டர் மேசைமேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"சரி முதலாளி, இருக்கேன். ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க மாஸ்டர், எதுவா இருந்தாலும்!"

"எங்ககிட்ட சொல்லிட்டீங்க, சந்தோஷம். ஆனா நீங்க புகார் குடுத்தது இங்க இல்லையே, மேல. அங்க என் பேரு இன்னும் அப்படியேதான கிடக்கு? அதை வாபஸ் வாங்கிடுங்க."

"மாஸ்டர், ஆண்டவருக்கு எல்லாம் தெரியும். நான் சொன்னதை அவர் அப்படியே..."

"தெரிஞ்சா நல்லதுதான். இருந்தாலும் நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

எட்டுப் பேரும் கண்ணை மூடினார்கள். மாஸ்டர் மட்டும் மூடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆண்டவரே," என்று மெல்லத் தொடங்கினேன், "மாஸ்டரைப் பற்றி உம்மிடம் நான் சொன்னது..."

"கொஞ்சம் சத்தமா, முதலாளி" என்றார் மாஸ்டர். "புகார் சொன்னப்ப தெருவரைக்கும் கேட்டுச்சு."

சத்தமாகச் சொன்னேன்.