கதவு மூடும் சத்தம்

'லப்' என்றால் ரத்தம் புறப்படும் சத்தம் என்றல்லவா இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்?

இதயத்தை எக்கோ எடுக்கும் மேசையில் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்த நோராவுக்கு ஏழாம் வகுப்புக் கரும்பலகை கண்முன் வந்தது. நீல சாக்பீஸில் வலப்பக்கத்து இரண்டு அறைகள், சிவப்பில் இடப்பக்கத்து இரண்டு. வால்வுகளை மட்டும் திறந்த கதவுகளாகவே வரைவாள். ரத்தம் போக வேண்டாமா?

"திறக்கும்போது சத்தமே வராது மிஸ்," என்றார் டாக்டர் பாகீரதி. அவர் மகள் நோராவிடம் படித்தவள். அந்த 'மிஸ்' அப்படி ஒட்டிக்கொண்டது. "லப், டப் ரெண்டுமே மூடுற சத்தம்தான். கீழறை அழுத்த ஆரம்பிச்சதும் மேலறைப் பக்கத்துக் கதவு மூடும், அது லப். ரத்தம் வெளிய போனதும் பின்னாடியே வாசல் மூடும், அது டப். ஸ்வல்ப நேரம் மூச்சைப் புடிங்க."

திரையில் மெல்லிய இதழ் ஒன்று படபடத்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் மேலறைக்குள் ஒரு வண்ணச் சிதறல் பீறிட்டு அடங்கியது.

"பாத்தீங்களா? இந்த வால்வு சேந்து மூடலை. உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்துல கொஞ்சம் வந்த வழியே திரும்புது."

"வலி ஒண்ணும் இல்லையே டாக்டர். மாடி ஏறினா மூச்சு வாங்குது, அவ்வளவுதான்."

"வலிக்காது. திரும்பி வர்றதுக்கெல்லாம் இடம் குடுத்துக் குடுத்து அந்த அறை மெல்லப் பெருசாயிடும். அதனாலதான் நெறைய பேர் லேட்டா வர்றாங்க. உங்களுக்கு இப்ப ஆபரேஷன் தேவையில்ல, மாத்திரை போதும். ஆறு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்."

வெளியே தம்பி பெர்னார்ட் காபியோடு நின்றிருந்தான்.

"என்னக்கா சொன்னாங்க?"

"வால்வு கொஞ்சம் ஒழுகுதாம்."

"நம்ம வீட்டுக் குழாய் மாதிரின்னு சொல்லு. வாஷர் மாத்திட்டா சரியாப்போச்சு."

அவள் சிரித்தாள். கார் பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் மரங்களுக்கடியில் திரும்பியதும் அவன் குரல் மாறியது.

"ஞாயித்துக்கிழமை அன்பியம் உன் வீட்லதானே?"

தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் முறைவைத்து வீட்டுக்கு வீடு கூடி ஜெபிப்பது அது. இந்தத் தடவை அவள் முறை.

"ஆமா. எதுக்குக் கேக்கற?"

"அலெக்ஸ் மாமா வந்திருக்காருக்கா. பொம்மனஹள்ளில என் ஃப்ரெண்டு ரூம்ல இருக்காரு. ஜெபத்துக்கு நான் கூட்டியாரேன். எல்லாரும் இருக்கறப்ப வந்து உக்காரட்டும், அப்படியே தங்கிடட்டும். உனக்கும் இந்த நேரத்துல ஒரு ஆளு வேணும்."

போன தடவையும் இப்படித்தான். வீட்டைவிட்டுப் போயிருந்த அவள் கணவர் அலெக்சாண்டர் ஜெபமாலை நடுவில் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு ஆஞ்சலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தனை பேர் முன்னால் புருஷனை வெளியே போ என்று யார் சொல்வார்கள்? நோரா டீ போட்டாள். முன்னறையிலிருந்த தன் புத்தகங்களை எடுத்துவிட்டு அவருக்குக் கட்டில் போட்டாள். அதற்கு முந்தைய தடவையும் அதே கட்டில்தான்.

அவர் கெட்டவரில்லை. அடித்ததில்லை, குடித்ததில்லை. போகிறவர், அவ்வளவுதான். போய்விட்டு, போன இடம் சலித்ததும் வருகிறவர். ஒவ்வொரு தடவையும் அவர் போன பிறகு அந்த அறை முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். இடம் கொடுத்துக்கொண்டே இருந்ததைத்தான் இத்தனை காலமும் அன்பு என்று நினைத்திருந்தாளா? வலிக்கவில்லை என்பதற்காகவா? இப்போதும்கூட, கேட்டருகே அவர் செருமும் சத்தத்தை நினைத்தால் மனம் ஒரு அடி முன்னால் போகத்தான் செய்தது. அதை அவள் தன்னிடம் மறைத்துக்கொள்ளவில்லை.

கார் வீட்டு வாசலில் நின்றது.

"என்னக்கா, கூட்டியாரட்டுமா? அவரு நெஜமாவே மாறிட்டாரு."

"இருக்கும்."

"அப்போ கட்டில எடுத்துப் போடச் சொல்லட்டுமா?"

நோரா இறங்கி, கேட்டின் கொக்கியை நீக்கினாள். ஒரு நிமிஷம் நின்று மூச்சை நிதானப்படுத்திக்கொண்டாள்.

"கட்டில் வேண்டாம் பெர்னார்ட். அன்பியத்துக்கு யாரு வேணும்னாலும் வரலாம், அவரும் வரட்டும். டீ குடுக்கறேன். ஜெபம் முடிஞ்சதும் எல்லாரும் வீட்டுக்குக் கெளம்புவாங்க இல்லையா? அவரும் கெளம்பணும்."