கௌரியம்மாள் காடு பார்க்கப் போனாள்

கரியை எடை போட்டு விற்கிறவர்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியும். திருத்தணி ஸ்டேஷன் தெருவில் கரிக்கடை வைத்திருந்த கௌரியம்மாளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். விடிந்ததும் மலைக்கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அடுத்ததாக ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து, கல்யாணப் பந்தலில் பன்னீர் தெளிக்கிற மாதிரி கரி மூட்டைகளின் மேல் தெளிப்பாள். பார்க்கிறவனுக்குத் தெரியாது. தராசுக்குத் தெரியும், தராசு வாய் திறக்காது.

அன்றைக்கும் தெளித்து முடித்துவிட்டுத்தான் பட்டுப்புடவை கட்டினாள். ஆனைக்குன்று வேடியப்பன் தன் மூத்த மகனுக்கு அவள் மகள் வரலட்சுமியைக் கேட்டிருந்தார். ஜமீனிடம் ஒரு மலையையே குத்தகைக்கு எடுத்திருந்த மனிதர். பெண் கேட்க வந்தபோது பையனைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். மலையைப் பற்றி விளக்கு வைக்கும்வரை பேசினார். அந்த மலையை ரயிலில் போகும்போது கௌரியம்மாளும் பார்த்திருக்கிறாள். அடியிலிருந்து உச்சிவரை பச்சை. அது சம்பந்தி வீட்டு மலையாகிவிட்டால் கடைக்கும் கரிப்பஞ்சம் வராது, மகளுக்கும் சோற்றுப்பஞ்சம் வராது என்பது அவள் கணக்கு. புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்தது ஒரு கடை, ஒரு மகள். இரண்டையும் ஒரே இடத்தில் ஒப்படைக்கிற காரியம் என்பதால், நேரில் பார்க்காமல் வாக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நீ மாப்பிள்ளை பாக்கப் போறியா, காடு பாக்கப் போறியா?" என்றாள் வரலட்சுமி.

"ரெண்டும் ஒரே எடத்துலதான இருக்கு."

"காட்டை நல்லாப் பாத்துகினு வா. மாப்பிள்ளையும் கண்ல பட்டா, எப்படி இருக்காருன்னு சொல்லு."

"ரயில்ல வாங்க, ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பறேன்" என்று வேடியப்பன் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். ரயிலுக்கு டிக்கெட் வாங்க வேண்டும். உசேன் ஓட்டுகிற பஸ்ஸில் கௌரியம்மாளுக்கு டிக்கெட் கிடையாது. பஸ் கூரையில் அவள் கடைக்குக் கரி கொண்டுவந்து போடுகிறவனே அவன்தான். 'ரொம்ப தூரத்து மலைக் கரி' என்று சொல்லி அந்தத் தூரத்துக்கும் சேர்த்து விலை வாங்குவான். ஆகவே தம்பி தேசப்பனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

உலகச் சண்டை முடிந்தும் பெட்ரோல் வந்தபாடில்லை. பஸ்ஸின் முதுகில் பெரிய இரும்பு டிரம்மைக் கட்டி, அதில் கரியைக் கொட்டி, அந்தப் புகையில்தான் வண்டி ஓடியது.

"கௌரிம்மா, நம்ம வண்டிக்குக் கரி தீந்துபோச்சி. உங்க கடையில ரெண்டு மூட்டை எடுத்துக்கறேன்" என்றான் உசேன்.

கௌரியம்மாள் கடைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஏன் என்று கேட்பான்.

"அக்கா, அது இன்னிக்குக் குளிச்ச மூட்டையாச்சே" என்று தேசப்பன் காதோரம் சொன்னான்.

"வாயை மூடிகினு ஏறு."

வண்டி கொஞ்ச தூரம் இருமிக்கொண்டு போயிற்று. அப்புறம் தும்மிற்று. ஒரு மலைக்குப் பின்னால் சாலை வளைகிற இடத்தில் பெருமூச்சு விட்டு நின்றே போயிற்று. உசேன் இறங்கி டிரம்மைத் திறந்தான். நெருப்புக்குப் பதிலாக ஆவி வந்தது.

"கரி ஈரமா கீது."

"பனியா இருக்கும்" என்றாள் கௌரியம்மாள்.

"சித்திரை மாசத்துலயா?"

அவள் அவசரமாகச் சுற்றிப் பார்த்தாள். மலை மொட்டையாக இருந்தது. சரிவு நெடுக அடிக்கட்டைகள். அவற்றுக்கு நடுவே ஆடுகள். அடிவாரம் முழுக்க வேர்க்கடலை போட்ட கொல்லை. ஒரு மூலையில், கட்டையை மண்ணால் மூடிக் கரியாக்குகிற மூட்டம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு வாலிபன் அடிக்கட்டைகளைச் சுற்றி முள்ளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

பேரம் பேச வேண்டிய இடத்தில் கௌரியம்மாள் வேறு யாரையும் அனுப்புவதில்லை. தம்பியோடு தானே இறங்கிப் போய், காய்ந்த கரி ஒரு மூட்டை கேட்டாள். வாலிபன் கேட்டதற்குப் பாதி விலைக்குக் கீழே ஆரம்பித்து, கேட்டதற்குச் சற்றுக் கீழே முடித்தாள். அவன் சிரித்தபடியே மூட்டையைப் பஸ்வரை தூக்கிவந்து கொடுத்தான். உசேன் கையிலிருந்த ஈரக் கரியை வாங்கிப் பார்த்து, "இது இன்னா, துவைச்சு வித்தாங்களா?" என்றான்.

தேசப்பனுக்கு இருமல் வந்தது.

"இது எந்த மலை தம்பி?" என்று கௌரியம்மாள் பேச்சை மாற்றினாள்.

"ஆனைக்குன்றுதாம்மா."

"ஆனைக்குன்றா? ரயில்லேர்ந்து பாத்தா அடர்த்தியா இருக்குமே."

"அது மூஞ்சிப் பக்கம். எங்க நைனா அந்தப் பக்கத்தைத் திரைச்சீலை மாதிரி வெச்சிகினு இருக்காரு. இன்னிக்குக்கூட, எந்த ஊருன்னுகூடச் சொல்லாம, பொண்ணு வீட்டுக்காரங்க ரயில்ல வராங்கன்னு என்னைத் தலைசீவி முன்னாடி நிக்கச் சொன்னாரு. இங்க கொஞ்சம் வேலை, முடிச்சிட்டுப் போவணும்."

அவன்தான் மாப்பிள்ளை, தங்கவேல். கௌரியம்மாள் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள்.

"இவ்ளோ காட்டையும் யாருப்பா தின்னது?"

"யாருன்னு சொல்றது? சண்டையில நெலக்கரி பத்தலைன்னு ரயிலுக்குக் கட்டை போச்சி. திருவாலங்காட்டுல வெல்லம் காய்ச்ச வெறகு போச்சி. செங்கல் சூளைக்குப் போச்சி. வெட்டின எடத்துல வேர்க்கடலை போட்டாங்க, மிச்சத்துல ஆடு மேஞ்சிது. பாக்கியெல்லாம் திருத்தணியில ஒரு அம்மாவுக்குப் போச்சி. கரிக்கடையாம். எவ்ளோ ஏத்தினாலும் பத்தாதாம் அவங்களுக்கு. அதோ, அவங்க சாக்குதான்."

மூட்டத்துக்குப் பக்கத்தில் காலிச் சாக்குகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் செங்காவியில் 'கௌ' என்று, கௌரியம்மாள் தன் கையாலேயே போட்ட எழுத்து.

அவள் உசேனைப் பார்த்தாள். ரொம்ப தூரத்து மலைக் கரிக்காரன் டிரம்முக்குள் தலையை விட்டிருந்தான். வெளியே எடுக்கிற உத்தேசம் இல்லை.

காய்ந்த கரியில் பஸ் சிங்கம் போல ஓடியது. மலையைச் சுற்றி முன்பக்கம் வந்ததும், வேடியப்பன் வீட்டுக்குப் பின்னால் அதே மலை பச்சைப்பசேலென்று நின்றது. இலை போட்டிருந்தார்கள். வடையின் வாசனை வாசலுக்கே வந்தது. ஆனால் சம்பந்தம் பேசி முடியாமல் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. தேசப்பன் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்தான்.

"பரிசமா பட்டுப்புடவை, வெள்ளிக் கொலுசு, காசுமாலை போடறோம்" என்றார் வேடியப்பன்.

"கொலுசும் மாலையும் நீங்களே வெச்சிக்கங்க அண்ணா. எனக்குப் பரிசமா அந்த மலையோட மூஞ்சி வேணும். அதுல ஒரு மரம் வெட்டக் கூடாது."

வேடியப்பன் அவள் கால்களைப் பார்த்தார். பட்டுப்புடவையின் ஓரமும் பாதமும் கரியாக இருந்தன. எந்த வழியாக வந்திருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது.

"ரயில்ல வரச் சொன்னேனே" என்றார் பரிதாபமாக.

"பஸ்ல வந்தோம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஜமீனையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கப் போவுதுன்னு பேச்சு. அதுக்குள்ள மிச்சத்தையும் வெட்டி வித்துடுன்னு ஜமீன் ஏஜெண்டே சொல்றாரு. நான் வெட்டலைன்னா வேற எவனாவது வெட்டுவான்."

"குத்தகை உங்க பேருலதான இருக்கு, வேற எவன் வெட்டுவான்? மலையைக் காட்டித்தான அண்ணா பொண்ணு கேட்டீங்க. இன்னும் ரெண்டு பசங்க இருக்கானுங்க. அதையும் வித்துட்டா அவனுங்களுக்கு எதைக் காட்டிப் பொண்ணு கேப்பீங்க?"

வேடியப்பன் மலையைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு உபயோகம் அதற்கு இருப்பதாக அவர் யோசித்ததில்லை. இளைய மகன்கள் இருவரையும் பார்த்தார். முகவெட்டை நம்பி யாரும் பெண் கொடுக்கப் போவதில்லை என்பது தகப்பனுக்கே தெரிந்தது.

"சரிம்மா" என்றார்.

அப்போதுதான் தங்கவேல் தலை சீவிக்கொண்டு உள்ளே வந்தான். கௌரியம்மாளைப் பார்த்து நின்றுவிட்டான். "திருத்தணிக் கரிக்கடை அம்மாடா, பொண்ணோட அம்மா. மலையோட மூஞ்சியைப் பரிசமா கேக்கறாங்க" என்றார் வேடியப்பன்.

"நீங்கதானா அந்த அம்மா? அப்படின்னா நானும் ஒண்ணு கேப்பேன். பின்பக்கம் அடிக்கட்டையெல்லாம் துளிர் விடுது. ஆடு வராம முள்ளு போட்டுகினு வரேன். அது மரமா ஆவற வரைக்கும் உங்க சாக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது."

"அது வரைக்கும் நான் கடையில இன்னாத்தை விக்கிறது? மண்ணையா?"

"வேர்க்கடலைத் தோல் மில்லு மில்லா குவிஞ்சி கெடக்கு, கேக்க ஆளில்லை. சூளைக்காரனும் வெல்லம் காய்ச்சறவனும் அதை எரிக்கட்டும். காட்டை அழிச்சி வெளைஞ்சதுதான."

கேட்க ஆளில்லை என்ற வார்த்தை கௌரியம்மாள் காதில் தேனாக இறங்கியது. சும்மா கிடைப்பதை விற்பதைவிட நல்ல வியாபாரம் உலகத்தில் இல்லை. மனசுக்குள் விலையே போட்டுவிட்டாள். தேசப்பன் மட்டும் கவலையோடு குனிந்தான்.

"அக்கா, தோல்ல தண்ணி தெளிச்சா ஊறிப்போயிடுமே."

"நீ போய்க் கையை நனைடா" என்றாள் கௌரியம்மாள்.

அந்த வடைகளின் கதி என்னவாயிற்று என்று சொல்லத் தேவையில்லை.

பொழுது சாய வீடு திரும்பியபோது வரலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"காடு எப்படி?"

"வழுக்கை."

"மாப்பிள்ளை?"

"தலை நெறைய முடி. பேரத்துல என்னையே மடக்கிட்டான். நீ உஷாரா இருக்கணும்."

வரலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். சிரிப்பு மறைகிற மாதிரி இல்லை. மறுநாள் விடிந்ததும் அவளே செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த கரி மூட்டைகளின் பக்கம் போனாள்.

"நில்லு" என்றாள் கௌரியம்மாள்.

செம்பையும் மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"உசேன் வண்டிக்குப் போற மூட்டைக்கு மட்டும் தெளிக்காதே."