லுமீர் சேமிக்காத பதில்

பதினோரு மணிக்கு டாக்டர் வருகிறார் என்று போஜெனா எட்டு மணிக்கே வீட்டைப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள். முன்னறை, படுக்கையறை, மறுபடியும் முன்னறை. தூசி உறிஞ்சும் இயந்திரத்தைச் செருக ஓர் இடம் வேண்டும். சக்கர நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் அவள் கணவன் லுமீரின் மடிக்கணினி செருகியிருந்தது. அதைப் பிடுங்கினாள். பெருக்கி முடித்ததும் திரும்பச் செருக மறந்துபோனாள். லுமீர் அப்போது நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருந்தான். மின்சாரம் நின்ற மடிக்கணினி கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதுவும் கண்ணயர்ந்தது.

ஒன்பதரைக்கு அவன் விழித்துக்கொண்டான். மடிக்கணினி விழிக்கவில்லை.

அவனுக்கு நரம்பு நோய் வந்து இது மூன்றாவது வருடம். முதலில் கை போனது, அப்புறம் கால், போன குளிர்காலத்தில் குரல். மிச்சம் இருப்பது கண் மட்டும். மடிக்கணினியில் பொருத்திய சின்னக் கேமரா அவன் பார்வை எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்த்து வார்த்தை கோத்துக் கொடுக்கும். பிறகு அவன் குரலிலேயே பேசும். குரல் போகும் முன்பே பதிவு செய்து வைத்திருந்தான். கடையில் தயாராகக் கிடைக்கும் பேசும் கருவியை வாங்கு என்று ப்ர்னோ நகரமே சொன்னது. முப்பது வருடம் பல்கலைக்கழகத்தின் கணினி சர்வர்களைக் கட்டி மேய்த்தவன் கேட்பானா? பேசினால் லினக்ஸ் இயங்குதளத்தில்தான் பேசுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான், நிற்க முடிந்த காலத்தில். பேசும் நிரலையும் அவனே எழுதினான். பாதி கையால், மீதி கண்ணால்.

போன வியாழக்கிழமைதான் வினை வந்தது. ஃபர்ம்வேருக்குப் புதுப்பிப்பு வந்திருக்கிறது என்று திரையில் ஓர் அறிவிப்பு. லினக்ஸுக்கும் கீழே உட்கார்ந்துகொண்டு இயந்திரத்தை முதலில் தட்டி எழுப்புகிற மென்பொருள் அது. "நல்லா ஓடிக்கிட்டு இருக்கறதை ஏன் நோண்டற?" என்று போஜெனா கேட்டாள். "பாதுகாப்பு" என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டு, 'சரி' என்ற பொத்தானை அவன் முறைத்தான். அவன் முறைத்தால் அழுத்தியதாகக் கணக்கு.

அன்று முதல், தூங்கினால் அது எழுவதில்லை. உள்ளே மின்விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே கிடக்கும். மின்பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அதுவரை எழுதியது போய்விடும். அப்படி இரண்டு முறை போய்விட்டது.

போனது சாதாரண எழுத்தா? டாக்டர் இன்று வருவதே அதற்காகத்தான். மூச்சு தானாக வராத நாள் வந்தால் தொண்டையில் குழாய் போட்டு இயந்திரத்தோடு இணைப்பதா, வேண்டாமா என்று லுமீர் சொல்ல வேண்டும். போட்டால் பல வருடம் இருக்கலாம், இதே வீட்டில், இரவும் பகலும் ஒரு ஆள் பக்கத்தில் விழித்திருக்க. போடாவிட்டால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது சந்தேகம்.

மூன்று நாளாக அந்தப் பதிலைக் கண்ணால் எழுதிக்கொண்டிருந்தான். போஜெனா பக்கத்தில் வந்தால் திரையை வெள்ளையாக்கிவிடுவான். ஊருக்கெல்லாம் 'சேமி, சேமி' என்று கத்திய மனிதன், தன் நிரலிலிருந்து சேமிக்கும் பொத்தானையும் நகலெடுக்கும் பொத்தானையும் கழற்றி எறிந்திருந்தான், அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று. எழுத்து அட்டையை வைத்தும் பேசலாம். ஆனால் அட்டையில் ஒரு வரி சொல்லவே அரை மணி ஆகும், அட்டையைப் பிடிப்பவளும் போஜெனாதான்.

வேண்டும் என்றால் எதற்கு மறைக்கிறான்? வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறான். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. குட்டி போட்ட பூனை மாதிரி முன்னறைக்கும் சமையலறைக்கும் நடந்தாள். டாக்டருக்காக அடுக்கி வைத்த ரொட்டித் துண்டுகளைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

போஜெனா கூப்பிட்டதும் நாலாம் மாடி ஹினெக், வீட்டுச் செருப்போடும் தன் மடிக்கணினியோடும் இறங்கி வந்தான். லுமீரோடு சேர்ந்து இருபது வருடம் சர்வர் மேய்த்தவன்.

"யாரும் எதையும் தொடாதீங்க! போஜெனா, நீ பொத்தானைத் தொட்டியா?"

"வந்ததும் வராததுமா கத்தாத. தொடல."

அவன் குனிந்து, பெரிய எழுத்துக்கான விசையை அழுத்தினான். விசையின் ஓரத்தில் பொட்டு அளவு விளக்கு எரிந்தது. மறுபடி அழுத்தினான், அணைந்தது. ஹினெக்கின் முகம் மலர்ந்துபோயிற்று.

"அருமையான பிழைடா லுமீர்! உள்ள உயிர் இருக்கு. எல்லாம் எழுந்துடுச்சு, கண்ணை மட்டும் திறக்க மாட்டேங்குது."

"அப்படின்னா?" என்றாள் போஜெனா.

"அப்படின்னா உன் புருஷன் மாதிரி. உள்ள எல்லாம் ஜோரா ஓடுது, வெளியில காட்டத்தான் வழியில்ல."

அவள் முறைத்தாள். லுமீர் கண்ணை மேலே உயர்த்தினான். அவர்கள் வீட்டில் கண் மேலே போனால் ஆமாம், இறுக மூடினால் இல்லை. இது சிரிப்பும் சேர்ந்த ஆமாம்.

"முன்னாடி இதுக்கு ரெண்டு தூக்கம் இருந்துச்சு" என்று ஹினெக் உற்சாகமாக ஆரம்பித்தான். "ஒண்ணு ஆழ்ந்த தூக்கம், இன்னொண்ணு கோழித்தூக்கம். புது ஃபர்ம்வேர்ல ஆழ்ந்த தூக்கத்தைத் தூக்கிட்டானுங்க. கோழித்தூக்கத்துல இருந்து எழுந்தா, திரைக்கான சில்லு மட்டும் அடம் பிடிக்குது."

"மூணு வருஷமா எனக்கும் கோழித்தூக்கம்தான். என்னை யாரும் பிரிச்சுப் பாக்கல" என்றாள் போஜெனா.

"உன்னைப் பிரிச்சா திரும்ப மாட்ட முடியாதும்மா. கம்பியில்லா இணைப்பும் எழல. மேல போய் கேபிள் எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் தயவுசெஞ்சு அந்தப் பொத்தான் பக்கம் போகாத. போச்சுன்னா எல்லாம் போச்சு."

அவன் செருப்புச் சத்தம் மாடிப்படியில் தேய்ந்தது. அறையில் மின்விசிறியின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

போஜெனா மடிக்கணினியின் முன் வந்து நின்றாள். பொத்தான் வலது மூலையில், ஓர் ஆரஞ்சு விதை அளவுக்கு இருந்தது. பத்து நொடிதான். வேண்டாம் என்ற சொல் அழிந்துவிடும். டாக்டர் அடுத்த மாதம் வரட்டும். ஒரு மாதம் கிடைக்கும். ஒரு மாதத்தில் ஒரு மனிதனின் மனதை மாற்ற முடியாதா?

விரலை வைத்தாள். அழுத்தவில்லை, வைத்தாள்.

லுமீர் பார்த்துக்கொண்டிருந்தான். கண் மேலேயும் போகவில்லை, மூடவும் இல்லை.

"வேண்டாம்னுதானே எழுதியிருக்க?" என்று கேட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு? நான் யாரு இந்த வீட்ல, வேலைக்காரியா?"

அவன் கண்ணில் நீர் கோத்தது. நோய் வந்த பிறகு அவனுக்குக் கண்ணில் நீர் அடிக்கடி கோக்கும். அழுகிறானா, சும்மாவா என்று அவளுக்கே தெரியாது. படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் விரலை வெடுக்கென்று எடுத்துவிட்டு, தூசியே இல்லாத மேசையைத் துடைத்தாள்.

ஹினெக் கேபிளால் இரண்டு மடிக்கணினிகளையும் பிணைத்துவிட்டுத் தன் விசைகளைத் தட்டினான். "ஆஹா, கதவைத் திறக்குது! கடவுச்சொல் கேக்குது. சொல்லுடா."

போஜெனா அட்டையைப் பிடித்தாள். வரிசை வரிசையாக விரலை ஓட்டினாள். அவன் கண் மேலே போன இடத்தில் நிறுத்தி, எழுத்தைச் சத்தமாகச் சொன்னாள். முதல் சில எழுத்துகளிலேயே அவள் பெயர் வந்துவிட்டது. மீதி எழுத்துகளை மெதுவாகச் சொன்னாள். முழுக்க வந்தபோது அது இப்படி இருந்தது: போஜெனா கொஞ்சம் உட்காரேன்.

ஹினெக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "எத்தனை வருஷமாடா இது?"

"சிரிச்சது போதும், தட்டு" என்றாள் போஜெனா. மணி பத்து ஐம்பது.

லுமீரின் கணினிக்கு உள்ளே போய்விட்டான் ஹினெக். நிரல் ஓடிக்கொண்டிருந்தது, எழுத்தும் அதற்குள் பத்திரமாக இருந்தது. ஆனால் திரையை எழுப்ப அவன் கொடுத்த மூன்று கட்டளைக்கும் அது மசியவில்லை. "நகல் எடுக்கலாம்னா அந்தப் பொத்தானையும் பிடுங்கிட்டான் பாவி. இதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, பேசறது. பேசு பொத்தானை இங்க இருந்தே அமுக்கலாம். கட்டளை தயார். இந்த என்டரைத் தட்டினா போதும். டாக்டர் வந்ததும்..."

அழைப்பு மணி அடித்தது. ஹினெக் எழுந்து கதவைத் திறக்கப் போனான். கதவருகே டாக்டர் மாஹோவா காலணியைக் கழற்றுவதும், எந்த வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொள்வது என்று கேட்பதும் கேட்டது.

போஜெனா ஹினெக்கின் மடிக்கணினியைப் பார்த்தாள். பிறகு லுமீரைப் பார்த்தாள். அவன் கண்கள் இறுக மூடியிருந்தன. திறந்து, மறுபடி மூடினான். மறுபடியும். இல்லை, இல்லை, இல்லை. முகத்தில் அசையக்கூடியதெல்லாம் அசைந்தது.

அவளுக்கு நன்றாகவே புரிந்தது. திரை வந்திருந்தால் டாக்டர் மௌனமாகப் படித்திருப்பார். அவள் பக்கத்தில் மரம் மாதிரி நின்றிருப்பாள். முப்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு இந்த மரியாதைதானா?

"கேக்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு என்டரைத் தட்டினாள்.

கறுப்புத் திரைக்குள்ளிருந்து லுமீரின் குரல் வந்தது. சளிப்பிடித்த மாதிரி கொஞ்சம் கரகரத்த, அவசரமே இல்லாத அதே குரல்.

"டாக்டர், இதைப் படிச்சுட்டு சத்தமா எதுவும் சொல்லிடாதீங்க. போஜெனா பக்கத்துல இருப்பா. எனக்குக் குழாய் வேணும். உயிரோட இருக்க ஆசையா இருக்கு. ஆனா மூச்சு விடப்போறது நான், முழிச்சுக்கிட்டு இருக்கப்போறது அவ. என் எதிர்ல கேட்டா, நீங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள சரின்னுடுவா. அதனால அவளை சமையலறைக்குக் கூட்டிக்கிட்டுப் போய், கதவைச் சாத்திட்டுக் கேளுங்க. முடியும்னா போடுங்க. முடியாதுன்னா, நானே வேணாம்னு சொன்னதா எழுதிக்குங்க. அவ என்ன சொன்னான்னு எனக்கு எப்பவும் தெரிய வேண்டாம். முப்பத்தோரு வருஷமா அவ பேச்சைக் கேட்டாச்சு. இது ஒண்ணை மட்டும் கேக்காம விட்டுடறேன்."

குரல் நின்றது. வாசலில் டாக்டர் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக நின்றார். ஹினெக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். லுமீர் இப்போது கண்ணைத் திறக்கவே இல்லை.

போஜெனா தன் விரலைப் பார்த்தாள். இதையா அழிக்கப் பார்த்தேன்? அந்த விரலைத் துண்டாக வெட்டிப் போட்டால் என்ன என்றிருந்தது. இருக்க ஆசை என்று சொன்ன மனிதனின் பேச்சின் மேல் அல்லவா விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சமையலறை எந்தப் பக்கம்?" என்று டாக்டர் கேட்டார்.

கதவைச் சாத்திக்கொண்டார்கள். டாக்டர் உட்கார்ந்தார். போஜெனா உட்காரவில்லை, ரொட்டித் தட்டை அவர் பக்கம் தள்ளினாள், அவர் எடுக்கவில்லை.

"அவர் சொன்னபடியே கேக்கறேன். உங்களால முடியுமா?"

முடியும் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மூன்று வருடமாக யார் என்ன கேட்டாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் கேட்டும் இன்றைக்குத்தான் ஒருவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிறார்.

"காலையில இருந்து, அவரு போயிடுவாரோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன் டாக்டர். இருக்க ஆசைன்னு அவரு குரல்ல கேட்டதும் சந்தோஷப்படணும்தானே? அதைவிட பயமா இருக்கு."

"தப்பில்ல. சொல்லுங்க."

"பகல் எவ்வளவு வேணா பாத்துப்பேன். குளிப்பாட்டறேன், தூக்கறேன், அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். ராத்திரி... ராத்திரி என்னால முடியாது."

சொன்னதும் கதவைப் பார்த்தாள். கதவு சாத்தியே இருந்தது. டாக்டர் அவளைக் குற்றவாளியாகப் பார்க்கவும் இல்லை.

"வாரத்துல எத்தனை ராத்திரிக்கு ஆள் வேணும்?"

இதற்கு ஓர் எண்ணிக்கை உண்டு என்பதே அவளுக்கு அதுவரை தோன்றியதில்லை.

"நாலு" என்றாள். பிறகு மூச்சை இழுத்து விட்டாள். "இல்ல, அஞ்சு."

டாக்டர் தாளில் குழாய் என்று எழுதத் தொடங்கினார். போஜெனா குனிந்து அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"முதல்ல அஞ்சு ராத்திரி. அதுக்குக் கீழ குழாய். அந்த வரிசையில எழுதுங்க டாக்டர். மேல இருக்கறது கிடைச்சாதான் கீழ இருக்கறது."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, அதே வரிசையில் மறுபடி எழுதினார்.