பட்டியலில் ஒன்பதாவது பெயர்

சட்டசபையின் நீர்வளக் குழு கூடுவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது, சபாநாயகர் ஹார்லன் டஃபீல்டின் உதவியாளர் என் மேசையில் ஒரு தாளை வைத்துவிட்டுப் போனார். நான் அந்தக் குழுவின் எழுத்தர். பதினொரு வருடமாக உறுப்பினர்களின் பெயரைக் கூப்பிட்டு வாக்கைக் குறிப்பது என் வேலை. தாளில் ஒரே வரி: லோர்னா விசெக் நீக்கப்படுகிறார், அவர் இடத்தில் கர்ட் ஆம்ஸ்ட்ரப்.

காரணம் எனக்குத் தெரியும். பெரிய பன்றிப் பண்ணைகளைச் சுற்றியுள்ள கிணறுகளை ஆண்டுதோறும் சோதிக்கும் மசோதா அன்று வாக்கெடுப்புக்கு வந்தது. குழுவில் ஒன்பது பேர். ஆதரவு ஐந்து, எதிர்ப்பு நான்கு. அந்த ஐந்தில் ஒருவர் லோர்னா. அவரும் சபாநாயகரின் கட்சிதான். ஆனால் அவருடைய தீவனக் கடைக்கு வருகிற தாய்மார்கள் பன்றிக் கழிவு இறங்கிய கிணற்றுத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கப் பயந்து, பாட்டில் தண்ணீரில் பால்பொடி கலக்கிறார்கள்.

லோர்னா வந்ததும் தாளைக் காட்டினேன்.

"கிளம்பிடுங்க, லோர்னா. போடறதும் அவர்தான், எடுக்கறதும் அவர்தான். எப்பவும் நடக்கறதுதானே?"

"எப்பவும் நடந்தா அது விதியாயிடுமா, நோரிஸ்? விதிப் புத்தகத்தை எடு."

எடுத்தேன். விரலை வைத்து அவரே படித்தார். சபாநாயகர் கூட்டத்தொடரின் தொடக்கத்தில் உறுப்பினர்களை நியமிப்பார். தொடர் முடியும்வரை அவர்கள் நீடிப்பார்கள்.

"நியமிப்பார்னு இருக்கு. நீக்குவார்னு எங்க இருக்கு? காட்டு பாப்போம்."

எங்கும் இல்லை. வருடா வருடம் அந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுத்தவன் நான்தான். வெட்கமாக இருந்தது.

லோர்னா தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கர்ட் உள்ளே வந்து அருகில் நின்றார். "என்னை ஏன் இந்தச் சங்கடத்துல மாட்டி விடறீங்க?"

"மாட்டி விட்டது நானா? மேல போய்க் கேளு."

குழுத் தலைவர் தொண்டையைக் கனைத்தார். "பெயரைக் கூப்பிடு, நோரிஸ்."

எட்டுப் பெயர் முடிந்தது. நாலும் நாலும். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். எனக்கு வேலை கொடுத்தது சபாநாயகர் அலுவலகம்.

"பிரதிநிதி விசெக்."

"ஆதரவு!"

பிற்பகலில் அந்த வாக்கெடுப்பு செல்லாது என்று சபையில் தீர்ப்புச் சொன்னார் டஃபீல்ட். லோர்னா உடனே எழுந்து, அந்தத் தீர்ப்பைச் சபையின் வாக்குக்கு விடக் கோரினார்.

"என் பேரை எழுதினது உங்க கை, ஒத்துக்கறேன். எழுதின பிறகு அந்த நாற்காலி இந்தச் சபையோடது. பிடிக்காத ஓட்டு வரும்போதெல்லாம் ஆளை மாத்தலாம்னா ஒன்பது பேர் எதுக்கு, ஹார்லன்? ஒன்பது நாற்காலியிலயும் உங்க கோட்டு ஒண்ணை மாட்டி வெச்சுட்டுப் போங்களேன்!"

சிரிப்பில் சபை குலுங்கியது. டஃபீல்ட் சுத்தியலைத் தட்டினார். விளக்குப் பலகையில் பச்சையும் சிவப்பும் மாறி மாறி எரிந்தன. முப்பத்தாறுக்கு முப்பத்துநான்கு. அவர் தீர்ப்பு கவிழ்ந்தது. கர்ட்டின் பெயருக்கு எதிரே, தீர்ப்பு கூடாது என்ற சிவப்பு எரிந்ததை நான் இரண்டு தடவை பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன்.

சோதனை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று மேலவையில் நீர்த்துப் போனாலும், மசோதா சட்டமானது. அந்தக் கோடையில் என்னை அடித்தளத்தில் தபால் பிரிக்கும் அறைக்கு மாற்றினார்கள். தேர்தல் வந்தது. லோர்னா ஜெயித்தார், டஃபீல்டும் ஜெயித்தார். புதிய தொடருக்கான பட்டியலில் லோர்னாவை எந்தக் குழுவிலும் போடமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு அவருக்கு உரிமையும் உண்டு.

சபாநாயகரைத் தேர்ந்தெடுக்கக் கட்சி கூடிய அன்று, லோர்னா தபால் அறைக்குள் தலையை நீட்டினார்.

"எங்களை நியமிக்கறது அவரு. அவரை நியமிக்கறது யாரு, நோரிஸ்?"

"நீங்க எல்லாரும்தான்."

"அதான் நான் நிக்கறேன்."

ஒரு மணி நேரத்தில் திரும்பினார். தோற்றுவிட்டார்.

"எனக்குப் பதினொரு ஓட்டு," என்றார், கன்னமெல்லாம் சிவந்து. "போன தடவை அந்த ஆளை எதிர்த்து நிக்கவே ஒருத்தர் இல்ல!"