ஒரு கோடு சார்ஜ்

அடிவார முகாமின் கூடாரத்தில் யாங்ஜியின் முன்னால் இரண்டு வாக்கி-டாக்கிகள் கிடந்தன. மேலே முதல் முகாமில் அவள் கணவன் உர்கென், காலொடிந்த ஒரு கொரியக்காரரோடு மாட்டிக்கொண்டிருந்தான். காலை எட்டு மணியோடு ரேடியோவில் அவன் குரல் நின்றுபோயிற்று. அவர்களை இறக்கிவர யாங்ஜியின் தம்பி க்யாலுவும் இன்னும் இரண்டு ஷெர்பாக்களும் கிளம்பி நின்றார்கள்.

சின்ன வாக்கி-டாக்கியில் முழு சார்ஜ் இருந்தது. பெரியதில் ஒரே ஒரு கோடு. அதன் சார்ஜர் முந்தாநாளே புகைந்துவிட்டது.

"அக்கா, ஃபுல்லா இருக்கறதைக் குடு. நேரமாவுது."

"அதுல பேசினா பாதி வழியில இருக்கற கருப்புப் பாறையைத் தாண்டாதுடா. போன மாசமே பார்த்தோமில்ல? சார்ஜை நிறைய வச்சுக்கிட்டு ஊமையா நிப்பே."

"பெரிசு இந்தக் குளிர்ல அரைமணி தாங்குமா?"

"ஆஃப் பண்ணி, சட்டைக்குள்ள நெஞ்சோட வச்சுக்க. மணிக்கு ஒரு தடவை, ரெண்டே நிமிஷம் திற. வெட்டிப்பேச்சு பேசினே, கொன்னுடுவேன்."

"அக்கா அழுவுதுன்னு மச்சான்கிட்டக்கூட சொல்லக் கூடாதா?"

"போடா, யாக் மாடே!"

பெரியதையே அவன் கையில் திணித்தாள்.

கார் பேட்டரியில் ஓடும் முகாம் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்தாள். பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் க்யாலு பேசினான். இரண்டு மணிக்கு, "ரெண்டு பேரும் உசுரோட இருக்காங்க. காலைக் கட்டிட்டுக் கிளம்பறோம்" என்றான்.

இரண்டரைக்கு மலையில் இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம். பனிமூட்டம் ஒரு நொடி விலகியபோது யாங்ஜி பார்த்தாள்: கோபுரம்போல் நின்ற பனிப்பாறை சரிந்து, பிளவுகளின் மேல் போட்டிருந்த ஏணிகளை வாரிக்கொண்டு போயிருந்தது. அவர்கள் இறங்கி வரவேண்டிய வழி அதுதான்.

மூன்று மணிக்கு ரேடியோ பேசவில்லை. மூன்றேகாலுக்கும் இல்லை.

"அந்தச் சின்னதையே குடுத்திருக்கலாமோ?" என்றாள் சமையல்காரி ஃபூட்டி.

யாங்ஜி ரேடியோவின் ஒலியைக் கூட்டினாள். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். "க்யாலு, ஏணி போச்சு" என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை வெறும் காற்றிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்று இருபதுக்கு ஒரு கரகரப்பு. "அக்கா... சட்டை ஜிப்பு உறைஞ்சு போயி திறக்க வரலே..."

"ஏணிப் பக்கம் வராதே! இடதுபக்கம் பாறையோரமா..."

பொத்தானை விட்டாள். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. எத்தனை கூப்பிட்டும் ஒன்றுமில்லை.

பைனாகுலரை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஐந்து மணிக்குமேல், இடதுபுறப் பாறையோரம் கரும்புள்ளிகள் அசைந்தன. எண்ணினாள். நாலு. வரவேண்டியது ஐந்து பேர். பிறகுதான் ஒருவன் முதுகில் கட்டியிருந்த கொரியக்காரர் தெரிந்தார்.

"'வராதே'ங்கறது மட்டும்தான் விழுந்துச்சு" என்றான் க்யாலு, முகாமில் வந்து விழுந்தபடியே. "எங்க வராதேன்னு புரியலே. 'அவ இப்படிக் கத்தினா ஏணிக்குத்தான் ஏதோ ஆயிருக்கும்'னு மச்சான்தான் பாறையோரமாத் திருப்பினார்."

யாங்ஜி வெண்ணெய்த் தேநீரை உர்கெனிடம் நீட்டினாள். அவன் பிடிக்குமுன்பே விட்டதில் பாதி அவன் மடியில் கொட்டியது.

"சுடுதுடி" என்றான் அவன், வெடித்த உதடுகளால்.

அவள் அங்கேயே, பனியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.