லேட் சீட்டு

காலேஜ் கூடத்தில் நொயெமி டோக்கன் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினாள். நாற்பத்தேழு வந்தது. மேலே பலகையில் முப்பத்தொன்று எரிந்துகொண்டிருந்தது. மணி எட்டு ஐம்பது. வகுப்பு தொடங்கி இருபது நிமிடம் ஆகிவிட்டது.

சாலை சுத்தமாக இருந்தால் அவள் ஊரிலிருந்து வரும் முதல் பஸ் எட்டு இருபத்தைந்துக்கு காலேஜ் வாசலில் நிற்கும். பனி தள்ளும் வண்டி முன்னால் போனால் அதன் வேகந்தான் பஸ்ஸுக்கும். கனடாவின் சட்பரியில் பிப்ரவரி மாதம் அந்த வண்டி முன்னால் போகாத நாள் எது?

அவளுக்குப் பத்தொன்பது வயது. பள்ளிப் படிப்பை முடிக்க முப்பது கிரெடிட் வேண்டும், இருபத்தொன்பது இருந்தது. பள்ளியில் பாதியில் நின்றவர்களைக் காலேஜிலேயே உட்காரவைத்து, காலேஜ் பாடத்தையே சொல்லிக்கொடுத்து, அதையே பள்ளிக் கணக்கிலும் சேர்த்துக்கொள்ளும் திட்டம் ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சிறிய என்ஜின் பழுதுபார்ப்பு என்ற ஒரே பாடம். அதில் தேறினால் ஜூன் மாதம் பள்ளிப் பட்டயம். ஐந்து நாள் வராமல் போனால் இடம் அடுத்தவருக்கு. நொயெமி நான்கு நாள் வகுப்புக்குப் போகவில்லை. இன்று ஐந்தாவது. இன்றைக்குத்தான் முதல் தேர்வும்.

வேடிக்கை என்னவென்றால், அந்த நான்கு நாளும் அவள் காலேஜுக்குள்ளேதான் இருந்தாள்.

பழைய பள்ளியில் தாமதமாக வந்தால் நேரே வகுப்புக்குப் போகக் கூடாது. ஆபீசில் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாமல் கதவைத் திறந்தால் ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு, எல்லோரும் திரும்பிப் பார்க்க, வெளியே அனுப்புவார். அரை மணிக்கு மேல் ஆகிவிட்டால் நூலகத்தில் போய் உட்கார வேண்டும். பத்து வருடத்தில் அது அவள் உடம்பில் ஊறிவிட்டது. ஆகவே காலேஜிலும் தாமதமான முதல் நாளே ஆபீசைத் தேடிக் கண்டுபிடித்தாள். இந்தப் பெரிய கூடந்தான் அது.

ஜன்னலுக்குள் ஒடெட் என்ற அம்மாள் இருந்தார். "லேட் சீட்டா? என்கிட்ட அப்படி ஒண்ணும் இல்லையேம்மா" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காலேஜ் படம் போட்ட கெட்டி வரவேற்பு அட்டை ஒன்றைத் திருப்பி, தேதியும் நேரமும் விழும் முத்திரையைக் குத்திக் கொடுத்தார். "இது போதுமா செல்லம்?" அதில் 9:24 என்று இருந்தது. அரை மணிக்கு மேல். நொயெமி நன்றி சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போய், மதியம் வரை என்ஜின் புத்தகத்தைப் படித்தாள். இப்படியே நான்கு அட்டைகள் மேலங்கிப் பையில் சேர்ந்துவிட்டன.

"மகாராணி இங்க என்ன பண்றீங்க?"

வெண்டெல். ஒரு கையில் காபி, மறு கையில் டோனட் பெட்டி. நாற்பத்து மூன்று வயது. நிக்கல் சுரங்கத்தில் வேலை போனபின் படிக்க வந்தவர். ஒரே மேசையில், ஒரே என்ஜினில் அவளுடைய கூட்டாளி. நொயெமி நேரத்துக்கு வந்த நாட்களிலெல்லாம் இவர் ஒன்பது மணிக்கு இதே காபியோடு நுழைவதைப் பார்த்திருக்கிறாள். சீட்டை முன்னாலேயே வாங்கிவிடுவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

"சீட்டு வாங்க நிக்கிறேன். நீங்க வாங்கிட்டீங்களா?"

"என்ன சீட்டு?"

"லேட் சீட்டு. அது இல்லாம எப்படி உள்ள போவீங்க?"

வெண்டெல் காபியை அப்படியே பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "கதவைத் திறந்து போவேன்."

"வகுப்புல ரெஜீன் ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?"

"டோனட் எங்கன்னு கேப்பாங்க." பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஏம்மா, அந்த நாலு நாளும்... இங்கயா நின்னே? நான் உன்னைத் திட்டிக்கிட்டே தனியா கிடந்து மல்லாடினேன்! அவங்க வருகை எடுக்கிறதே பத்து மணிக்கு!"

நொயெமிக்குக் காது சூடானது. வெண்டெல் அவள் கையிலிருந்த நாற்பத்தேழாம் எண்ணைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வா. டெஸ்டுக்கு நம்ம மேசையை ஒன்பதேகாலுக்குக் கூப்பிடுவாங்க."

பட்டறைக் கதவு முன் அவள் கால் நின்றது. வெண்டெல் தோளால் கதவைத் தள்ளினார். உள்ளே பன்னிரண்டு பேர், ஒருவரும் திரும்பவில்லை. ஆசிரியை ரெஜீன் மட்டும் நிமிர்ந்து, "வந்தாச்சா? உங்க என்ஜின்தான் இன்னும் ஜில்லுன்னு கிடக்கு" என்றார்.

தேர்வு எளிமையானது: பிரித்துப் பூட்டிய என்ஜின் குறித்த நேரத்துக்குள் ஓட வேண்டும். வெண்டெல் என்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். ஓடவில்லை. ஆறு முறை இழுத்தார். பெட்ரோல் வாசனைதான் வந்தது.

"பெட்ரோல் வருது. அப்போ பொறிதான் வரலை" என்றாள் நொயெமி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் முனையை என்ஜின் உடம்பில் தொடவைத்துப் பிடித்தாள். "இப்ப இழுங்க." நீல நிறத்தில் பொறி தெறிக்க வேண்டும். ஒன்றுமே இல்லை.

"காயிலை யார் பூட்டினது?"

"நான்தான். போன வாரம். தனியா" என்றார் வெண்டெல், கடைசிச் சொல்லை அழுத்தி.

இந்தச் சிறிய என்ஜின்களில் பேட்டரி கிடையாது. சக்கரத்தின் விளிம்பில் ஒரு காந்தம் இருக்கிறது. சக்கரம் சுற்றும்போது காந்தம் காயில் என்ற கம்பிச்சுருளை உரசாமல், ஆனால் உரசுவதுபோல் கடந்து போக வேண்டும். அந்த ஓட்டத்தில்தான் மின்சாரம் பிறக்கிறது. இடைவெளி அதிகமானால் காந்தத்தின் இழுப்பு காயிலுக்கு எட்டாது. குறைந்தால் இரண்டும் மோதும். சரியான அளவு ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன். நூலகத்தில் மூன்றாம் நாள் நொயெமி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்திருந்தாள். வெண்டெல் பூட்டியதில் விரல் நுனியே நுழையும் போலிருந்தது.

"ஒரு கார்டு குடுங்க."

"சுரங்கத்துல எனக்கு யாரு கார்டு அடிச்சுக் குடுத்தா?" வெண்டெல் டோனட் பெட்டியின் மூடியைக் கிழித்து நீட்டினார். அது தடிமன் அதிகம். நோட்டுத் தாள் மெலிசு. ரெஜீன் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நான்கு நிமிடம்.

நொயெமி மேலங்கிப் பைக்குள் கைவிட்டாள்.

காயிலின் இரு திருகுகளையும் தளர்த்தினாள். அட்டையை இடையில் செருகினாள். காந்தம் காயிலைத் தானாகவே இழுத்து அட்டையோடு ஒட்டவைத்தது. திருகுகளை இறுக்கி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றினாள்; அட்டை வழுக்கி வெளியே வந்தது. பிளக்கைப் பூட்டினாள்.

"நீயே இழு" என்றார் வெண்டெல்.

முதல் இழுப்பில் இருமியது. இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. மேசை அதிர, டோனட் பெட்டி நகர்ந்து விளிம்புக்கு வந்தது. வெண்டெல் சுரங்கத்துக்கே கேட்கும்படி ஒரு கூச்சல் போட்டார்.

சத்தம் அடங்கியதும் ரெஜீன் அட்டையைக் கையில் எடுத்தார். எண்ணெய்க் கறைக்கு நடுவே முத்திரை தெரிந்தது. "பிப்ரவரி மூணு, 9:24. என்னது இது?"

நொயெமி மற்ற மூன்றையும் எடுத்து வைத்து, நடந்ததைச் சொன்னாள். ரெஜீன் சிரிக்கவில்லை. நான்கையும் வரிசையாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நாலு நாளை என்னால அழிக்க முடியாது. நீ இங்க இல்லை" என்றார். "ஆனா இன்னைக்கு இருக்கே. பாஸும் ஆயிட்டே. இனிமே பஸ் ஒன்பதரைக்கு வந்தாலும் சரி, பத்துக்கு வந்தாலும் சரி, நேரா இங்க வந்துடு. பூட்டில்லாத கதவும்மா அது."

"சரி ரெஜீன்."

"இந்த அட்டையெல்லாம் எனக்கு வேணும். காயில் இடைவெளிக்கு வைக்கிற கார்டு டப்பா காலியாகி ஒரு மாசம் ஆச்சு."

அடுத்த திங்கட்கிழமையும் பனி தள்ளும் வண்டி முன்னால் போனது. எட்டு ஐம்பதுக்கு நொயெமி கூடத்தைக் கடந்தாள். ஒடெட் அவளைக் கண்டதும் வரிசையைத் தாண்டி முத்திரையைத் தூக்கிக் காட்டினார். "வேணுமா செல்லம்?"

"வேணாம்" என்று கையசைத்துவிட்டு அவள் நடந்தாள். கதவின் பிடியில் கை வைத்தபோது பழைய பயம் ஒரு நொடி வந்து நின்றது. தள்ளினாள்.

யாரும் திரும்பவில்லை. அவள் மேசையில் நாற்காலி இரண்டும் காலியாக இருந்தன. வெண்டெல் இன்னும் வரவில்லை.