சிவசங்கரிடம் அனுமதி பெறவும்

கரன்ட் போகும் என்ற நினைப்பே இல்லாமல் வளர்ந்தவர்கள் டவுன்ஷிப்காரர்கள். சுற்று வட்டாரமெல்லாம் மெழுகுவர்த்தியைத் தேடுகிற நேரத்தில், நெய்வேலியில் ஃபேனை மூன்றில் வைப்பதா நான்கில் வைப்பதா என்று சண்டை நடக்கும். அதனால்தானோ என்னவோ, மெயின் பஜாரில் நூருல்லா நடத்தும் ஸ்கேன் சென்டரில் படங்களைச் சேமித்து வைக்கும் சர்வரை யாரும் அணைத்ததே இல்லை. காலை ஷிப்ட் டெக்னீஷியன் சிவசங்கர் என்றைக்கோ ஒரு நாள் தன் பெயரில் அதைத் திறந்தார். அதற்குப் பிறகு மதிய ஷிப்டானாலும் நைட் ஷிப்டானாலும் அதே பெயரில்தான் வேலை ஓடியது.

அங்கே வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் மைன்ஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள். சுரங்கத்தில் ஷிப்ட் மாறுகிறது என்பதற்காக மெஷினை நிறுத்த மாட்டார்கள் என்று கேட்டே வளர்ந்தவர்கள். ரிலீவர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பழைய ஆள் இறங்க வேண்டும். அந்தப் பழக்கத்தை அப்படியே ஏசி அறைக்குள் கொண்டு வந்துவிட்டார்கள். நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் ஆள் மாறும். லாக் அவுட் என்ற பேச்சுக்கே இடமில்லை. "ரிலீவர் வந்தாச்சா?" என்று கேட்காமல் சிவசங்கர் தன் சாப்பாட்டுப் பையைத் தொட மாட்டார்.

ஷமாவுக்கு இது பிடிக்காது. பஜாரில் பாதிக் கடைகளின் கம்ப்யூட்டரை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். நூருல்லா அவளுக்குத் தாய்மாமன் என்பதால் இங்கே மட்டும் சம்பளம் டீயும் சமோசாவும். "அண்ணே, ஆளுக்கு ஒரு பேர்ல உள்ள போங்கண்ணே" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

போன வருஷம் ஒரு பெண்ணின் ஸ்கேன் படம் எப்படியோ வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட்டது. அவள் புருஷன் சென்டர் வாசலில் வந்து நின்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனான். யார் அனுப்பியது என்று கடைசி வரை தெரியவில்லை. ஆனால் எல்லாம் தன் பெயரில் ஓடியதால் சிவசங்கர் தலை நிமிரவே இல்லை. மறுநாளே ஷமாவைக் கூப்பிட்டு, டிஸ்கையே கழற்றிக்கொண்டு போனாலும் ஒருத்தனும் ஒரு படத்தையும் பார்க்கக் கூடாது, அந்த மாதிரி பூட்டு என்றார். அவளும் பூட்டிக் கொடுத்தாள். அவர் பாஸ்வேர்டில் உள்ளே வந்தால் படம் தெரியும். வேறு எப்படி வந்தாலும் வெறும் குப்பைதான். சாவியைத் தனியாக ஒரு பென்டிரைவில் எடுத்து வைக்கச் சொன்னாள். "இந்த மெஷின் என்னிக்கிம்மா ஆஃப் ஆவப் போவுது?" என்று சிரித்தாரே தவிர, எடுத்து வைக்கவில்லை மனுஷன்.

செவ்வாய்க்கிழமை ஆஃப் ஆனது. கரன்ட் ஒன்றும் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிவசங்கருக்கு உடம்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மேசைக்கு அடியில் இருந்த ஒயர்களைப் பிடித்துக்கொண்டே சாய்ந்தார். சர்வரின் பிளக்கும் அவர் கையோடு வந்துவிட்டது. அவரைப் புதுச்சேரிக்குக் கொண்டு ஓடிய பரபரப்பில் அதை யார் கவனித்தார்கள்?

மறுநாள் காலையில் அவர் மனைவி திலகவதி ஆஸ்பத்திரியிலிருந்து ஷமாவுக்குப் போன் செய்தாள்.

"தலைக்குள்ள கட்டி மாதிரி இருக்காம் ஷமா. அது பழசா, வளந்துகினு வருதான்னு பாக்கணுமாம். வளந்திருந்தா இன்னிக்கே மண்டையத் தொறக்கணும், அப்பிடியே இருந்தா மருந்துலயே பாக்கலாம்னு டாக்டர் சொல்றாரு. தொறந்தா அப்புறம் பேச்சு வருமான்னு அவருக்கே தெரியலியாம். முன்ன எடுத்த படம் ஏதாச்சும் இருக்கான்னு கேக்குறாரு."

படம் இருந்தது. தை மாதத்தில் தலைவலி தாங்காமல் சிவசங்கர் தானே சென்டரின் ஸ்கேன் மெஷினுக்குள் போய்ப் படுத்து எடுத்துக்கொண்டதுதான். வீட்டுக்குத் தெரிந்தால் பயந்துவிடுவார்கள் என்று ஃபிலிம் போடவில்லை, நூருல்லாவின் காதில் மட்டும் போட்டு வைத்திருந்தார். முந்தின ராத்திரிதான் மாமா அதை ஷமாவிடம் சொல்லியிருந்தார். ஸ்கேன் மெஷினில் பழைய படங்கள் தானாக அழிந்துவிடும். சர்வரில் மட்டும்தான் நிற்கும்.

"மத்தியானத்துக்குள்ள அனுப்புறேன் அண்ணி, கவலப்படாதீங்க" என்றாள் ஷமா. அவசரப்பட்டு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது.

ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனால் நூருல்லா முகமெல்லாம் சிரிப்பாக நின்றிருந்தார். "பாஸ்வேர்டு கேட்டுச்சு ஷமா. யூடியூபைப் பாத்து நானே மாத்திட்டேன். உள்ள போயிட்டேன், பேரெல்லாம் தெரியுது. படம் மட்டும் தொறக்க மாட்டேங்குது, அத மட்டும் நீ பாரு."

ஷமா நாற்காலியை இழுத்துப் போட்டு சர்வர் முன்னால் உட்கார்ந்தாள். பாஸ்வேர்டை அப்படி வெளியிலிருந்து மாற்றினால் பூட்டுக்கும் சாவிக்கும் தொடர்பு அறுந்துவிடும். மாமாவைத் திட்டி என்ன ஆகப் போகிறது? நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தானே செய்தார்.

அட்மின் பெயரில் உள்ளே போய் சிவசங்கரின் படத்தைத் தட்டினாள். 'இதைத் திறக்க சிவசங்கரிடம் அனுமதி பெறவும்' என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொன்னது. ஃபோல்டரின் உரிமையைத் தன் பெயருக்கு மாற்றினாள். எல்லோருக்கும் முழு அனுமதி கொடுத்தாள். பஜாரில் எத்தனையோ கடைகளில் இதே வேலையைச் செய்து, டீ ஆறுவதற்குள் எழுந்து வந்திருக்கிறாள். இங்கே கதவு திறந்தது, உள்ளே ஒவ்வொரு படத்தின் மீதும் குட்டியாக ஒரு பூட்டுச் சின்னம். அவளே போட்டுக் கொடுத்த பூட்டு. எந்தக் கொம்பனாலும் உடைக்க முடியாது என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது.

"பழைய பாஸ்வேர்டு தெரிஞ்சா, அதையே திருப்பி வெச்சு தொறந்துடலாம் மாமா. வேற வழியில்ல."

"அது அவனுக்கு மட்டும்தானம்மா தெரியும்?"

திலகவதிக்குப் போன் போட்டாள். மகள் பெயர், கல்யாண நாள், வண்டி நம்பர், குலசாமி பெயர் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல ஷமா அடித்துப் பார்த்தாள். எதற்கும் அசையவில்லை. இருபது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு, புருஷன் ஒரு மெஷினிடம் சொன்ன வார்த்தை தெரியாமல் போனதில் அழுகை வந்துவிட்டது.

"அவருக்கு நெனவு இருக்கா அண்ணி?"

"முழிச்சிக்கினுதான் இருக்காரு. நாக்குதான் புரள மாட்டேங்குது. காதுல வெக்கிறேன், நீயே கேளு."

"அண்ணே, நான் ஷமா. சர்வர் பாஸ்வேர்டு என்னண்ணே? மொத எழுத்த மட்டும் சொல்லுங்க, போதும்."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அவர் என்னவோ சொல்ல முண்டினார். ஷமா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள், நூருல்லா கண்ணை மூடிக்கொண்டு துஆ ஓதினார்.

"ரி... ரிலீவர்" என்றார் சிவசங்கர்.

ஷமாவின் விரல் பறந்தது. முதல் எழுத்தைப் பெரிதாக, எல்லாவற்றையும் சின்னதாக, பின்னால் வருஷத்தைப் போட்டு, பிறந்த தேதியைப் போட்டு என்று தெரிந்த விதத்தில் எல்லாம் அடித்தாள். ஒவ்வொரு தடவையும் அனுமதி இல்லை என்றே வந்தது.

"அது இல்லண்ணே. வேற ஏதாச்சும் ஞாபகம் வருதா பாருங்க. அண்ணே?"

"ரிலீவர்... வந்தாச்சா?" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையேதான் கேட்டார். அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு கேள்விதான் என்று ஷமாவுக்குப் புரிந்தது.

"வந்தாச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

போன் கைமாறும் சத்தம். பின்னால் யாரோ திலகவதியை அவசரப்படுத்தினார்கள்.

"ஷமா, தியேட்டர் ரெடியாம். படம் இல்லன்னா தொறந்துதான் ஆவணுமாம். டாக்டர் கேக்குறாரு. பழைய படம் இருக்குன்னு சொல்லட்டா, இல்லன்னு சொல்லட்டா?"

திரையில் படம் இருந்தது. சிவசங்கர் என்ற பெயரும் தை மாதத்துத் தேதியும் அவள் கண்ணெதிரே இருந்தன. கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"இல்லன்னு சொல்லிடுங்க அண்ணி."

"சரிம்மா. நீ என்னா பண்ணுவ" என்றாள் திலகவதி. "கையெழுத்து கேக்குறாங்க, போட்டுட்டு வரேன்."

நூருல்லா சுவரில் சாய்ந்து நின்றார். "அப்ப இத ஆஃப் பண்ணிடலாமா?" என்று கேட்டார்.

"வேணாம் மாமா. ஓடட்டும்."

மதிய ஷிப்டுக்கு வந்த கிருஷ்ணப்ரியாவுக்குக் காலையில் நடந்தது ஒன்றும் தெரியாது. பையை ஓரமாக வைத்துவிட்டு, வழக்கம்போல நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் வந்துட்டேன்க்கா. நீங்க எழுந்திரிங்க."

ஷமா மேசையைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். முடியவில்லை.